அக்கா மோந்து சொன்ன ஒயின்

காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகியும் எனக்கு வாசனை திரும்பவில்லை. மற்றவர்கள் என்றால் சாம்பார் ருசிக்கவில்லை என்று புலம்பிவிட்டுப் போகலாம். நான் சென்னை ஓட்டல் ஒன்றில் ஒயினை மோந்து, சுவைத்து, நல்லது கெட்டது சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மூச்சு விடாமல் இருந்தேன்.

மேலாளருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. விடுப்பில் ஊருக்குக் கிளம்பியவனிடம், அவர் திறந்து பார்த்திருந்த பிரெஞ்சு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்து, "நிதானமா எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

காஞ்சிபுரத்தில் அக்கா பட்டு நெய்கிறாள். முட்டைகூட நுழையாத வீடு அது. மூக்கு போனதை அவளிடமும் சொல்லாமல், குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் சொல் என்று கெஞ்சினேன்.

"குடிச்சிட்டு ஒளர்றவனைப் பாத்திருக்கேன். மோந்துட்டு ஒளறச் சொல்ற மொத ஆளு நீதான்பா" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "அரக்கு. ஓரத்துல செங்கல் கலரு ஏறிக்கினு இருக்குது."

அடேயப்பா, ஒயினுக்கு வயதாகிவிட்டதை அவள் கண்ணே சொல்லிவிட்டது. பிறகு மோந்தாள். "நாவப்பழம். கொஞ்சூண்டுதான் வருது. அப்பால பென்சில் சீவுன துருவல்."

"வேற எதுனா?"

"அவ்ளோதான்பா."

கொஞ்சமாக வருவது பழக்கமில்லாத மூக்கின் குறை என்று நினைத்துக்கொண்டேன். என் வாய்க்குப் பாக்கை மென்ற மாதிரி துவர்ப்பு மட்டும்தான் தெரிந்தது. எழுதினேன்: 'முதிர்ந்த ஒயின். நாவற்கனி மணம் அடக்கமாக எழுகிறது. பின்னால் தேவதாரு. துவர்ப்பு நெடுநேரம் நிற்கிறது. தாராளமாகப் பரிமாறலாம்.' அடக்கமாக எழுகிறதாம். என்ன கொழுப்பு எனக்கு.

திங்கட்கிழமை மேலாளர் அதைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"கார்க் கெட்டுப்போன பாட்டில் இது. ஈரச் சாக்கு நாத்தம் குப்புன்னு அடிக்குது. உங்களுக்கு வரலையா?"

ஸ்டோர் ரூமுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். சரி என்று தலையை ஆட்டினேன்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். ஆத்திரம் முழுக்க அவள்மேல்தான்.

"ஈரச் சாக்கு வாசனை வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சே."

"ஏன்கா சொல்லல?"

"மழைக்குத் தறிக்குழியில தண்ணி ஊறிச்சில்ல. தண்ணி வடிஞ்சும் வூடு பூரா அந்த நாத்தம்தானே. அதுதான் கிளாஸுக்குள்ளயும் வருதுன்னு உட்டுட்டேன். வந்ததுலேந்து நீ அதைப் பத்தி வாயே தொறக்கல. அக்கா மனசு நோவும்னு கம்முனு இருக்கியேன்னு நெனச்சேன்பா."

ஊரில் இருந்த இரண்டு நாளும் நான் அந்தத் தறிக்குழிக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

"ஆமாக்கா, அதான் சொல்லல" என்றேன்.