விழிக்காத பெட்டியும் ருக்மணி வாங்கிய மெமோவும்

இன்று காலை மென்பொருளைப் புதுப்பித்த கையோடு என் மடிக்கணினி படுத்துவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது. நான் பதறவில்லை. தொடக்கப் பட்டியலை வரவழைத்துப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். கெர்னல் என்பது கணினியை எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை நிரல். ஏறக்குறைய தலைமை எழுத்தர். விசிறி சுழன்று சூடான தூசி வாசனை வந்ததும், முன்பு வேலை பார்த்த செஞ்சி தாலுகா அலுவலகத்தின் நினைவில் போய் விழுந்தேன்.

அந்த வாசனையில் பாதி கோப்புக்கட்டுகளுடையது. காலம் கடந்த கோப்புகளைக் கழிப்பதில் நான் புலி. பட்டியலிட்டு, கையெழுத்து வாங்கி, எரித்துவிடுவேன். கணினிக்கும் அதே நடைமுறைதான் என்று நம்பி, புதிய கெர்னல் வந்த வெள்ளிக்கிழமையே பழையதை அழித்தேன். ‘நிச்சயமாகவா?’ என்று கணினி இரண்டு முறை கேட்டது. கீழ்ப்படியாத ஊழியர் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேசை ருக்மணி அழிக்கவில்லை. “புதுசு ஓடுதான்னு பாத்துட்டு அழிக்கறேன் சார்.” விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன்.

திங்கட்கிழமை புதிய கெர்னலில் இரண்டு கணினிகளுமே விழிக்கவில்லை. ருக்மணி அரைநாள் விடுப்பு. நான் விதிப்படி மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதன் நகலைக் கோப்பில் சேர்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே தளவானூர் பச்சையம்மாள், மகள் கலைச்செல்வியோடு. மறுநாள் காலை சென்னையில் நர்சிங் கலந்தாய்வு. சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் சீட்டு இல்லை. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“இன்னா சார், ரெண்டு நாள் லீவு வுட்டும் பொட்டிக்குத் தூக்கம் தெளியலயா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. கலைச்செல்வி மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ருக்மணி வந்தார். “என் பொட்டில பழசு இருக்குது சார். மெமோ வாங்குச்சே, அதுதான்.” தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தார். திரை நீலமானது. வெளியே கைதட்டலும் விசிலும்! அச்சுப்பொறியின் கம்பியை அவர் கணினிக்கு மாற்ற நான் மேசைக்கடியில் தவழ்ந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது: “மெமோவுக்கு விளக்கம் இப்பவே எழுதிடட்டுங்களா சார்?”

தாசில்தார் கையெழுத்திட்டதும் கலைச்செல்வி ஓடினாள். கிளம்பிவிட்ட பஸ்ஸின் முன்னால் பச்சையம்மாள் இரண்டு கையையும் விரித்து நின்றதை அலுவலகமே எட்டிப் பார்த்தது. மறுவாரம் அவர் லட்டோடு வந்தார். “சீட்டு கெடச்சிடுச்சி சார். பொட்டி முழிச்சிக்கினு இருக்குதா?”

முதல் லட்டு ருக்மணிக்குப் போனது. நடைமுறைப்படி அது எனக்கு வந்திருக்க வேண்டும்.

இப்போது சான்றிதழ் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. நல்லதுதான். அந்த ஜன்னலை அடைத்து அலமாரி வைத்துவிட்டார்களாம். இனி தாமதமானால் பச்சையம்மாள் யாரைக் கேலி செய்வார்? எதிரே ஆளே இல்லை.