உரசாத கதவு

கைப்பிடியைப் பிடித்து ஒரு நூல் அளவு மேலே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி எந்தக் கதவையும் திறப்பார். தூக்கும்போது லொடலொடத்தால் கீல் தளர்ந்திருக்கிறது. அசையாமல் முறைத்தால் மரம் தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்த பிறகுதான் உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் இதே கதைதான். "எழவு வீட்ல போய் கீலுக்கு எண்ணெய் கேட்ட மனுஷன் இவர் ஒருத்தர்தான்" என்று அவர் சம்சாரம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

குட்டையான ஆள். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலையைக் கொண்டுவந்து தோளில் வைத்து முளை அடித்தது மாதிரி இருக்கும். இடது கட்டைவிரல் நகம் நிரந்தரக் கறுப்பு. வாயில் எப்போதும் ஒரு சிராய்த் துண்டைப் போட்டுக் கடித்துக்கொண்டிருப்பார். மனிதர்களோடு பேசுவதைவிட மரத்தோடு அதிகம் பேசுவார். "ஏண்டா முறுக்கிக்கிற? உங்கப்பனே வந்தாலும் இன்னிக்கு உன்னை நிமித்தாம விட மாட்டேன்" என்று ஒரு பலகையை மிரட்டுவதைக் கேட்டு, வாசலில் நின்ற கடன்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று திரும்பிப் போனதாக ஒரு கதை உண்டு.

பேய் பிசாசு என்றால் அவருக்கு இளப்பம். வீட்டில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "வெயில் எறங்குனா பலகை சுருங்கும். சுருங்குனா முனகும். நீ முனகுறதில்லையா? பேயாம் பேய்!" என்பார். உத்தரம் முனகினால் இன்ன காரணம், படி கிறீச்சிட்டால் இன்ன காரணம் என்று மரத்தின் எல்லாச் சத்தத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. கடல் தாண்டிப் போகும் வரைக்கும் இருந்தது.

வேறொரு தேசத்தில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடங்களின் பெஞ்சு மேஜையெல்லாம் போய்விட்டது, தொண்டு செய்ய மனமுள்ள தச்சர்கள் வரலாம், சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, சம்பளம் இல்லை என்று ஒரு அமைப்பு ஆள் கேட்டது. மேஸ்திரி கையைத் தூக்கிவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் மிச்சமிருந்த எல்லாக் கதவும் சரியாக இருந்தது. "கூலி இல்லாத வேலைக்கு விமானம் ஏறிப் போற தச்சன் உலகத்துலயே நீங்கதான்" என்று சம்சாரம் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க வைத்தார்கள். தெருவோடு ஒட்டிய ஒடுக்கமான வீடு. வாசல் கதவைத் தள்ளினால் நேராக முன்னறை. ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின், நடுவில் மேஜை, நான்கு நாற்காலி. பின்னால் சமையலறை. மரப்படி ஏறினால் மேலே இரண்டு அறை. வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரி ஊழியர்களின் உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். மகள் பஸ் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். அவர்கள் பாஷையில் அக்காவுக்கு என்ன சொல் என்பதைத்தான் மேஸ்திரி முதலில் கற்றுக்கொண்டார். அந்த அம்மாளும் அவரைத் தம்பி என்றாள். மகள் மாமா என்றாள். உறவு ஒட்டிவிட்டால் மற்றது தானாக வரும் என்பது அவர் கணக்கு.

மற்றது அவ்வளவு சுலபமாக வரவில்லை. "உப்பு போட மறந்துட்டாங்களா, இல்ல என் நாக்கை ஊர்லயே வச்சுட்டு வந்துட்டேனா?" என்று முதல் வாரம் முழுக்கப் போனில் புலம்பினார். குளியலறையில் குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெந்நீர். செருப்பை எங்கே விடுவது, எப்போது எழுந்திருப்பது, யார் பேசும்போது சும்மா இருப்பது, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பழகினார். முதல் நாள் கதவுக்கு நேரெதிரே இருந்த நாற்காலியில் உட்காரப் போனபோது மகள் தோளைத் தொட்டு, "மாமா, இந்தப் பக்கம் உக்காருங்க" என்று நகர்த்திவிட்டாள். அது வீட்டுக்காரரின் இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அத்தான் எங்க அக்கா? வேலைக்கா?"

"சாயங்காலம் வருவார்."

மேஸ்திரி பள்ளிக்கூடத்துப் பட்டறையிலிருந்து வரும்போது பொழுது இறங்கியிருக்கும். அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு குவளை ஆறிக் கிடக்கும். வந்துவிட்டுப் போய்விட்டார் என்பார்கள். இரவு வேலைக்காரர் போலும், நமக்கும் அவருக்கும் நேரம் ஒத்துவரவில்லை என்று அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். மகள் பஸ் நிலையத்தில் வந்த ஆட்களைப் போல நடித்துக் காட்டுவாள், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பாஷை பாதி புரியாவிட்டாலும் மேஸ்திரியும் சிரிப்பார்.

எல்லாம் பழகிவிட்டது, அந்த வாசல் கதவு ஒன்றைத் தவிர. அது தரையை உரசும். கர்ர்ர் என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு இழுவை இழுத்து, தொண்டையைக் கனைக்கிற மாதிரி முடியும். தரைப் பலகையில் பிறை மாதிரி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. கைப்பிடிப் பக்கம் கதவு இறங்கிப் போயிருந்தது. யாரோ பாரமான ஆள் வருஷக்கணக்காக அதில் சாய்ந்து சாய்ந்து உள்ளே வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதைத் திறக்கும்போது மேஸ்திரிக்குப் பல் கூசியது. தச்சன் தங்கிய வீட்டில் கதவு உரசலாமா?

ஒரு விடுமுறை நாளில் பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். மேஸ்திரி கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டார். கீலை மாற்றி இறுக்கினார். அடியில் இழைப்புளியை ஓட்டினார். சுருள் சுருளாக விழுந்த சீவலை அடுப்பில் போட்டார். மரத்தூளையும் பசையையும் குழைத்துத் தரையில் இருந்த பிறையை அடைத்துத் தேய்த்துவிட்டார். கதவை மாட்டி விரலால் தொட்டதும் அது எண்ணெயில் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. சாப்பாடு போட்டவர்களுக்கு ஏதோ நம்மால் ஆனது என்று வாசலிலேயே மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

மகள் வழக்கம்போலத் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு ஓடிவிட, அவள் தடுமாறி உள்ளே வந்து விழப் பார்த்தாள். மேஸ்திரி சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். பிறை இருந்த இடத்தைக் காலால் தடவினாள்.

"இதை ஏன் தம்பி செஞ்சீங்க?"

"சும்மாதான் அக்கா. உரசுச்சு."

"இனிமே அவர் வந்தாரா, போனாரான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேஸ்திரிக்கு விளங்கவில்லை. "வந்தா குரல் கொடுக்க மாட்டாரா?"

அக்கா படியேறிப் போய்விட்டாள். மகள்தான் சமையலறைக்குள் கூட்டிப்போய், காய்கறியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "அப்பா செத்துப் போயி ரொம்ப நாளாச்சு மாமா. நானும் அம்மாவும்தான் மண்ணு போட்டோம்."

"அப்ப தெனமும் வர்றது யாரு?"

"அப்பாதான்." இந்த வண்டி இத்தனை மணிக்கு வரும் என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

பொழுது சாயும்போது கதவு மெதுவாக உரசித் திறக்கும். அவருக்கு ஒரு கால் சரியில்லை. கைப்பிடியில் பாரத்தைப் போட்டுத்தான் வருவார். குவளையை நிரப்பி வைப்பார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவர் இருக்கும் நேரத்தில் யாரும் சிரிக்கக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். பிறகு கதவு சட்டென்று ஒரு முறை உரசும். போகும்போது மட்டும் அவருக்கு அவசரம். அதற்கப்புறம் வீடு அவர்களுடையது.

"இப்ப அவர் உள்ள இருக்காரா வெளிய இருக்காரான்னே தெரியலையே மாமா" என்றாள் மகள். "எப்ப சிரிக்கிறது?"

அன்றிலிருந்து அவர்கள் சிரிக்கவில்லை. ரேடியோமேல் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். குவளை காலையிலும் வைக்கப்பட்டது, மதியமும் வைக்கப்பட்டது. மகள் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதைக்கூட அறைக்குள் தாழிட்டுக்கொண்டு செய்தாள். அக்கா தையல் மிஷினை மிதிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்வாள். பாதி நாள் மிதிக்காமலே எழுந்துவிடுவாள். உடுப்புகள் மூலையில் குவிந்தன.

பைத்தியக்கார வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று மேஸ்திரி முதலில் நினைத்தார். ஆனால் ஒன்று அவருக்கு உறைத்தது. மரத்தின் சத்தத்துக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர் அவர். சத்தம் இல்லாத கதவைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாளாக ஆக அவரும் படியில் ஓரமாக ஏறினார். கரண்டி தட்டில் படாமல் சாப்பிட்டார். பட்டறையில் கூட மரத்தைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

"ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க? பக்கத்துல யாரு?" என்று போனில் சம்சாரம் கேட்டாள்.

"யாரும் இல்லடி" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "நீங்க கையை வைக்காம இருந்தாலே பாதி உலகம் நல்லா இருக்கும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? போங்க, திருப்பி உரச வைங்க. கெடுக்கத் தெரிஞ்ச கைக்குத் திருத்தத் தெரியாதா?"

அமைப்பிலிருந்து பார்க்க வந்த பெண்மணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒத்துவரலேன்னா சொல்லுங்க மேஸ்திரி, வேற வீடு பாத்துத் தரேன்" என்றாள்.

"வீடு நல்ல வீடுதாம்மா. நான்தான் அதுல கையை வச்சுட்டேன். சரி பண்ணிட்டு வேணா போறேன்."

திரும்ப உரசட்டும் என்று கதவின் அடியில் ஒரு பட்டையை அடித்தார். பெண்கள் இருவரையும் சமையலறையில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். உரசியது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் அக்கா சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

"அது அவர் இல்ல" என்றாள். "வேற யாரோ."

மகள் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள். "அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடாதீங்க மாமா. யாராவது நெசமாவே வந்துடப் போறாங்க."

மேஸ்திரி தாழை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வீட்டுக்காரரின் பழைய அலமாரியிலிருந்து ஒரு பலகையை அறுத்து அடித்தார். உளியால் தரையில் பிறையைத் திரும்பக் கொத்தினார். கீலைத் தளர்த்தினார். தன் முழு எடையையும் கைப்பிடியில் தொங்கவிட்டு, காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தார். ஊரில் யாராவது பார்த்திருந்தால் குடித்திருக்கிறார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அக்கா கண்ணை மூடிக் கேட்பாள். ஒரு நாள், "பாரம் பத்தல" என்றாள். இன்னொரு நாள், "இது கோவமில்லாத ஆளு." வீட்டுக்காரர் வரும் சத்தத்தின் நடுவில் ஒரு இழுவை இருக்குமே, அது மட்டும் எந்த மரத்திலும் வரவில்லை. அது எரிந்துபோன சீவலில் இருந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் மேஸ்திரி தோற்றுப் போனார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். கதவில் அடித்திருந்த பட்டையையெல்லாம் கழற்றி மடியில் வைத்திருந்தார். பழையபடி கீலை இறுக்கி மாட்டிய கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி தெரிந்தது; தெருவின் வெளிச்சம் அது வழியாக உள்ளே கோடு போட்டது. தரையில் கொத்திய பிறைக்கும் கதவுக்கும் இனிமேல் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"என்னால ஆகல அக்கா" என்றார். "நாளைக்கு வேற வீட்டுக்குப் போயிடறேன். என்னை மன்னிச்சுக்குங்க."

அக்கா மிஷின் முன்னால் ஒரு நர்ஸ் உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மகள் குவளையோடு சமையலறை வாசலில் நின்றாள். தெருவில் சைக்கிள் ஒன்று போனது. அப்புறம் அதுவும் இல்லை.

கர்ர்ர் என்று கதவு மெதுவாக உரசித் திறந்தது. நடுவில் ஒரு இழுவை இழுத்தது. தொண்டையைக் கனைக்கிற மாதிரி முடிந்தது.

மேஸ்திரி கதவின் அடியைப் பார்த்தார். விரல் இடைவெளி அப்படியே இருந்தது. கழற்றிய பட்டை அவர் மடியில்தான் கிடந்தது.

அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டாள். மெதுவான சத்தம், வரும் சத்தம். "ஐயோ, இத்தனை நாளும் வெளியவா நின்னீங்க?" என்றாள், யாரும் இல்லாத வாசலைப் பார்த்து. மகள் வந்து குவளையை மேஜைமேல் வைத்தாள். நாற்காலி இழுபடவில்லை, காலடி கேட்கவில்லை.

மேஸ்திரி பட்டையைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். வழியை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்று, மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.