முத்தாத்தாள் கொடுத்த வேலி

எருத்தேன்பதிப் பக்கம் கிராமசேவக்காக நான் போய்ச் சேர்ந்தது 1958 தை மாதக் கடைசியில். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவன். வாழைக்கும் வெற்றிலைக்கும் மேல் எனக்குச் செடிகொடி தெரியாது. அப்படிப்பட்டவனைத்தான் விவசாயிகளுக்கு யோசனை சொல்லச் சர்க்கார் அனுப்பிவைத்தது.

அந்த ஊர் முத்தாத்தாளுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கணவர் குப்பண்ணன் வண்டி பூட்டி லோடு ஏற்றிப் போகிறவர். மாதத்தில் பாதி நாள் பொள்ளாச்சி ரோட்டில்தான் இருப்பார். நாலு ஏக்கர் பூமி, மூன்று எருமை, ஊர் வம்பு எல்லாவற்றையும் இந்த அம்மாளே கட்டி மேய்த்தார்.

ஊருக்குக் கிழக்கே மந்தைக்காடு என்று பதினோரு ஏக்கர் பொது நிலம். வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல், ஓரமெல்லாம் ஆவாரஞ்செடி. மேய்ச்சலுக்கும் ஊரார் கூடிக் களிக்கவும் இப்படிப்பட்ட நிலங்களைக் காப்பாற்றச் சர்க்காரில் ஒரு திட்டம் இருந்தது. சுற்றி வேலி போடுவது ஊரார் பங்கு. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் சர்க்கார் பங்கு. சித்திரைக்குள் உருப்படியாக வேலி நிற்காவிட்டால் மானியம் கிடையாது. நிலத்தைக் கூறுபோட்டுக் கடலை விதைக்கக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள்.

ஆண்கள் மேய்ச்சலுக்காகக் கவலைப்பட்டார்கள். முத்தாத்தாளின் கவலை வேறு. பொங்கல் கழிந்து பூப்பறிக்கிற நோம்பி வரும். அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் கட்டுச்சோற்றோடு மந்தைக்காட்டுக்குப் போய், ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்துப் பாடிவிட்டுப் பொழுது சாய வருவார்கள். அடுப்பையும் தொழுவத்தையும் விட்டு அவர்கள் வெளியே போவது வருசத்தில் அந்த ஒரு நாள்தான்.

"மாடு எங்கயாச்சும் மேஞ்சுக்குமுங்க. நாங்க எங்கீங்க போறது?" என்று என்னிடமே ஒரு முறை கேட்டார்.

நான் போவதற்கு முந்தைய ஐப்பசியிலேயே வேலி நட்டாயிற்று. அங்கே வேலி என்றால் கிளுவைதான். ஏற்கெனவே வளர்ந்து நிற்கிற வேலியிலிருந்து ஆளுயரக் குச்சியாக வெட்டி, மழை ஈரத்தில் நெருக்கி நட்டால் துளிர்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று வருசத்தில் ஆடு தலை நுழைக்க முடியாது. பதினோரு ஏக்கரைச் சுற்றக் குச்சிக்கு எங்கே போவது? அந்த ஊரில் கேட்டால் சோறு போடுவார்கள், எருமையை ஏருக்குக்கூடத் தருவார்கள். வேலியில் ஒரு குச்சி ஒடிக்க விடமாட்டார்கள். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனதோடு சரி. எவனும் ஒரு குச்சி தரவில்லையாம். கடைசியில் யார் தந்தது என்று நான் விசாரிக்கவும் இல்லை.

பங்குனியில் வேலியைப் பார்த்து ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு இலை இல்லை. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வெறும் குச்சிகள். ஊரில் மற்ற வேலிகளும் அப்படித்தான் நின்றன. அவற்றை நான் காய்ந்த முள் என்றே நினைத்திருந்தேன். 'நட்ட வேலி முழுவதும் பட்டுப்போய்விட்டது' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிறவன் மாதிரி முத்தாத்தாள் வீட்டுக்குப் போனேன்.

"அம்மா, வேலி பூரா பட்டுப்போயிடுத்தே. ரிப்போர்ட் அனுப்பிட்டேன்" என்றேன்.

"ஏனுங்க சாமி, கோடைல கிளுவை எலை வெச்சிருக்குமுங்களா?"

மந்தைக்காட்டுக்கு இழுத்துப் போய் ஒரு குச்சியை நகத்தால் கீறிக் காட்டினார். தோலுக்கு அடியில் பச்சை. நல்ல வாசனை வேறு. ரிப்போர்ட்டோ அதற்குள் தபாலில் போய்விட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் சித்தூர் பிளாக் ஆபீசுக்குப் போனோம். என்னுடையது தற்காலிக வேலை. அதிகாரியின் முன்னால் எப்படி ஆரம்பிப்பது என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"தம்பி மேல தப்பில்லீங்க. ஊருக்குப் புதுசு. நாங்கதான் சொல்லாம உட்டுப்போட்டோம்."

கொண்டுவந்த குச்சியை மேஜைமேல் வைத்தார். அதிகாரி கீறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். இவ்வளவு குச்சி ஏது என்று கேட்டார்.

"எங்க ஊட்டு வேலிதானுங்க. ரெண்டு பக்கம் வெட்டிக் குடுத்தேன். அதப் பாத்துட்டு ஆம்பளைக வெக்கப்பட்டுக் கடப்பாரை தூக்கிட்டு வந்தாங்க."

"அப்போ உங்க வயலுக்கு?"

"அது கெடக்குதுங்க."

அதிகாரி அன்று காலைத் தபாலில் வந்திருந்த என் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, சித்திரைக் கெடுவையும் தள்ளிவைத்து, மழை விழுந்ததும் தாமே வந்து பார்ப்பதாகச் சொன்னார். வைகாசிக் கடைசியில் மழை விழுந்தது. பத்தே நாளில் வேலி முழுக்க இலை. மானியம் வந்தது, கிணறு வெட்டினோம், மந்தைக்காடு ஊருக்கு நின்றது.

அடுத்த தையில் நோம்பி அன்று மந்தைக்காட்டைப் பார்க்கக் கிளம்பினேன். தூரத்திலேயே கும்மிச் சத்தம் கேட்டது. வழியில் முத்தாத்தாள் தன் வயலில் கோலோடு நின்றுகொண்டிருந்தார். குப்பண்ணன் லோடுக்குப் போயிருந்தார். இழந்த வேலிக்குப் பதில் ஐப்பசியில் நட்ட குச்சிகள் இப்போதுதான் துளிர்விட்டிருந்தன. வேலிக்கு வெளியே ஏழெட்டு ஆடுகள்.

"நீங்க போகலையா?"

"கொள்ளு காய் புடிச்சு நிக்குதுங்க. நான் நவுந்தா ஆடு பூந்துக்கும். போறவங்க போகட்டுமுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் காது கும்மிப் பக்கம் இருந்தது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. கோலை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"கெளம்புங்கோ."

"சாமிக்கு ஆடு முடுக்கத் தெரியுமுங்களா?"

"தெரியாது. நீங்க கெளம்புங்கோ."

நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பகல் முழுக்க வெயிலில் அந்த ஆடுகளோடு மல்லுக்கட்டினேன். பூணூலும் வேட்டியும் முள்ளில் மாட்டியதுதான் மிச்சம். கிழக்கு மூலையில் கொஞ்சம் கொள்ளு போய்விட்டது. பொழுது சாய்ந்தபின் மடி நிறைய ஆவாரம்பூவோடு வந்தார். மூலையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பாடிப் பாடித் தொண்டை கட்டிப் போயிருந்தது. சிரித்துக்கொண்டே, கையை அசைத்து என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார்.