எர்ரரே வராத எழுத்தெண்ணி

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டிருக்கிறார். உதடுகள் அசைகின்றன. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கிறது; நடுவே மூச்சு விட ஓர் இடைவெளி கிடையாது. சட்டென்று நிமிர்ந்து, யாரும் கேட்காமலே அறிவிக்கிறார்: "சாய்கோடு, ஒன்பது, சின்ன ஜே. போட்டோ! பாத்த உடனே சொல்லிட்டேன் பாத்தீங்களா?"

பார்த்தோம். அங்கே வருகிறவை எல்லாமே போட்டோதான். எல்லாப் போட்டோவும் அப்படித்தான் ஆரம்பிக்கும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "அதோ, பஸ்!" என்று கண்டுபிடிப்பது மாதிரி. ஆனாலும் இந்த வித்தைக்காக அலுவலகத்தில் அவருக்கு எழுத்தெண்ணி என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். மனிதர் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

கல்லூரியில் சேர விரும்புகிறவர்களின் விண்ணப்பங்களை இணையத்தில் வாங்கி, கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம் எங்களுடையது. பெயரும் முகவரியும் வருகிற அதே பாதையில் போட்டோவும் வர வேண்டும் என்பதால், விண்ணப்பிப்பவரின் போன் அதை வெறும் எழுத்துகளாக மாற்றி அனுப்பும். இந்தப் பக்கம் அந்த எழுத்துகளை மறுபடி முகமாக்க வேண்டும். அதைச் செய்கிற டீகோடர் எழுத்தெண்ணியின் சொந்தத் தயாரிப்பு. கம்ப்யூட்டர் மொழியோடு சும்மாவே ஒரு டீகோடர் வருகிறது. ஒரு வரி எழுதிக் கூப்பிட்டால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார். "அதெல்லாம் ரெடிமேட் சட்டைங்க. தோள் ஒரு பக்கம் தொங்கும். நம்மளது அளவெடுத்துத் தெச்சது." அவர் போட்டிருப்பது ரெடிமேட் சட்டைதான். தோளும் தொங்கத்தான் செய்கிறது. அதை யார் போய்ச் சொல்வது?

அவருடைய டீகோடருக்கு ஒரு கொள்கை உண்டு. "தெரியாத எழுத்து வந்தா கத்தி ஊரைக் கூட்டக் கூடாதுங்க. கண்டுக்காம தாண்டிப் போயிடணும்." வாழ்க்கையிலும் அதே கொள்கைதான். கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தாண்டிவிடுவார். மேஜைக்கு மேலே ஏசி ஒழுகினால் நாற்காலியை மட்டும் நகர்த்திக்கொள்வார். வீட்டிலிருந்து போன் வந்தால், ஸ்பீக்கரில் போட்டு, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். மேலாளரிடம் மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்: "இத்தனை வருஷத்துல நம்ம ப்ரோகிராம்ல ஒரு எர்ரர் வந்திருக்கா சார்?" அதன் வாயைத் தைத்து வைத்துவிட்டால் எர்ரர் எப்படி வரும்? மேலாளரும் அதைக் கேட்டுக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

புகார் போனில் வரும். அதை எடுப்பவர் போன் அக்கா. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் திட்டை வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் அவருக்குச் சம்பளம். "சார், இன்னொரு பொண்ணு சார். கண்ணு வரைக்கும் நல்லா இருக்கு, மூக்குக்குக் கீழே ஒரே சாம்பலாம். முகம் தெரியலைன்னு காலேஜ்ல தள்ளிட்டாங்களாம். அழுகுது சார்."

எழுத்தெண்ணி தலையைத் திருப்பவே மாட்டார். "வெளிச்சம் இல்லாத இடத்துல நின்னு எடுத்திருப்பாங்க. நல்ல ஸ்டூடியோவா பாத்துப் போகச் சொல்லுங்க."

போவார்கள், பாவம். தலையைச் சீவிக்கொண்டு போய், சிரித்து, புதிதாக எடுத்து, அதே போனிலேயே அனுப்புவார்கள். மறுபடி மூக்குக்குக் கீழே சாம்பல். ப்ரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை, எனக்கு அவருக்கு எதிர் மேஜை. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லியேவிட்டேன். "சில போன் கூட்டல் குறிக்குப் பதிலா சிறுகோடு போட்டு அனுப்புது சார். அதுவும் முறைதான். உங்க டீகோடர் அதைத் தெரியாத எழுத்துன்னு முழுங்கிடுது. ஒண்ணு போனா அதுக்கப்புறம் வர்றதெல்லாம் இடம் மாறிடும். ரெடிமேட்ல போட்டுப் பாத்தேன், முகம் முழுசா வருது."

"நல்ல கற்பனை உங்களுக்கு" என்றார். அதோடு சரி, என்னையும் தாண்டிப் போய்விட்டார்.

விண்ணப்பங்களுக்குக் கடைசி நாளன்று மதியம் அவர் போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கர். "அப்புறம் பேசறேன்மா" என்பதற்குள் மகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, வெச்சிடாதீங்க! நர்சிங் காலேஜுக்குப் போட்டேன்ல, அதுல என் போட்டோ பாதிதான்பா வருது. இன்னிக்குச் சாயங்காலத்தோட மூடிடறாங்க."

"வெளிச்சத்துல எடுத்தியா?"

"உங்க ஆபீசுக்கே போன் பண்ணேன்பா. ஒரு அக்கா ஸ்டூடியோவுக்குப் போங்கன்னாங்க. மூணு ஸ்டூடியோ ஏறி இறங்கிட்டேன். எந்த முட்டாள்பா இந்த யோசனையெல்லாம் சொல்றது?"

போன் அக்கா குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது, மறைப்பானேன்?

எழுத்தெண்ணி மகள் அனுப்பிய எழுத்துகளைத் திறந்தார். விரல் வரி வரியாக நகர்ந்தது. இந்த முறை "போட்டோ" என்று அறிவிக்கவில்லை. ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு சிறுகோடு இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், திரையில் ஒட்டிய தூசியோ என்று. அது போகவில்லை.

பிறகு விசைப்பலகை படபடத்தது. எழுந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஆகா, ரெடிமேட் சட்டை வந்துவிட்டது! ஒரே வரியில் கூப்பிட்டிருந்தார். அடுத்த நிமிடம் மகள் முழு முகத்தோடு திரைக்கு வந்தாள். அப்பாவின் அதே அகலத் தாடை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கே மனம் இளகிவிட்டது, சத்தியமாக. அப்புறம்தான் அந்த வரிக்கு மேலே இருந்த வரியைப் படித்தேன். விண்ணப்ப எண் இதுவாக இருந்தால் மட்டும் ரெடிமேட். மற்ற எல்லோருக்கும் பழைய டீகோடர். அது மகளின் எண்.

"சார், மேல இருக்கிற வரியை எடுத்துட்டாப் போதுமே. எல்லாருக்கும் முகம் வந்துடுமே" என்றேன்.

"ஓடிட்டிருக்கிற ப்ரோகிராம்ல கை வெக்கக் கூடாதுங்க" என்றார்.

போன் அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "சார், இன்னொரு பையன். தாடையே இல்லையாம். இன்னிக்குத்தான் கடைசின்னு கெஞ்சறான். என்ன சார் சொல்லட்டும்?"

"ஸ்டூடியோவுக்குப் போகச் சொல்லுங்க" என்றார் எழுத்தெண்ணி, திரும்பாமல். உள்ளங்கையை விரித்து, அந்த இரண்டு வரிகளும் மறையும்படி திரைமேல் வைத்துக்கொண்டார்.