ஆறு குழல் ஹாரன்

கிகுயோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜப்பானின் கும்மா மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அறுநூறு பிள்ளைகளுக்கு சூப் கிண்டுகிறவள். அவள் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சத்தம் போடுகிற வேலையை அவளுடைய கார் பார்த்துக்கொண்டது.

1974ஆம் வருடத்து லாரல் மாடல். பின்பக்கம் உருண்டு திரண்டிருப்பதால் பிரியமானவர்கள் அதை ‘பன்றிப் புட்டம்’ என்பார்கள். அதற்கு ஊதா அடித்து, தரையை உரசுகிற மாதிரி தாழ்த்தி, முன் பம்பரைத் தாடை மாதிரி ஒரு முழம் நீட்டி, பின்னால் இரண்டு புகைக்குழாய்களை ஆள் உயரத்துக்கு வானம் பார்த்து நிமிர்த்தி வைத்திருந்தாள். அழகா என்று கேட்டால், அழகுதான், வேறென்ன!

வசந்தத்தில் ஆற்றங்கரை மைதானத்தில் இப்படிப்பட்ட கார்கள் நூறு கூடும். வருடத்துக்கு ஒருவர் முன்னால் போவார். அவர் ஹாரன் அடித்தால்தான் ஊர்வலம் கிளம்பும். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை கிகுயோவின் முறை வந்தது.

வந்த நேரத்தில் வண்டிப் பரிசோதனைக் கெடுவும் சனிக்கிழமையோடு முடிந்தது. இந்தக் கூட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் தண்டனை அது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நல்ல பிள்ளையாகப் போய் நிற்க வேண்டும். திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் லாரல் மொட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது.

விளக்கு சரி. பிரேக் சரி. பரிசோதிக்கிற பையன், “ஹாரன் அடிங்கம்மா” என்றான்.

அடித்தாள். ஆறு ஊதுகுழல்கள் சேர்ந்து ‘தாரத்தத்தா தீ தா’ என்று முழுப் பாட்டையும் பாடி முடித்தன. எல்லாவற்றையும் கழற்றியவள் ஹாரனை மறந்துவிட்டாள்!

மூன்று வரிசையும் சிரித்தது. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு, “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாஸ் போட முடியாது. நாலு மணிக்குள்ள சாதா ஹாரனோட வாங்க. நாளைக்கு ஆபீஸ் லீவு” என்றான்.

மணி மூன்றேகால். பழைய ஹாரன் ஒரு மணி நேரத் தூரத்தில் வீட்டில் கிடந்தது.

கிகுயோவுக்கு முன்னால் பரிசோதனையில் தேறிவிட்ட வெங்காயத்தாள் விவசாயி தொமிசாவா, தன் குட்டி லாரியிலிருந்து இறங்கி வந்தார். “ஏம்மா, இது காரா, கல்யாண மேளமா?”

“ஐயா, உங்க ஹாரனைக் கழட்டித் தர்றீங்களா?” கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது.

“வழியில காட்டுப்பன்னி வந்தா நானா கத்துறது?”

“ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு ஆத்தங்கரை மைதானத்துல திருப்பித் தந்துடறேன்.”

அவர் ஊதா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “அதுவரைக்கும் உன் மேளம் என்கிட்ட இருக்கட்டும்.”

மூன்றே முக்காலுக்கு ஹாரன் மாறியது. கோழிக்குஞ்சு கத்துவது போல ‘பீப்’ என்றது. பாஸ்!

ஞாயிறு காலை தாடை, குழாய் எல்லாம் மறுபடி ஏறி, லாரல் நூறு கார்களுக்கு முன்னால் மினுமினுத்தது. எட்டு மணி ஆயிற்று. எட்டரையும் ஆயிற்று. தொமிசாவாவைக் காணோம். ஏற்பாட்டாளன் ஹமாஓ ஓடி வந்தான். “அக்கா, அடிங்க! இனிமே தாங்காது!”

கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். பீப்.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. “ஹாரனுக்குச் சளியா அக்கா?” என்றது ஒரு குரல். இதற்கா இருபத்திரண்டு வருடம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது கரைக்கு அந்தப் பக்கம் ‘தாரத்தத்தா தீ தா!’ குட்டி லாரி ஏறி வந்தது. கூரைமேல் ஆறு குழலும் வரிசையாக நின்றன.

“மன்னிச்சுடும்மா! அடிச்சுக்கிட்டே வந்தேன். ஊரே நிறுத்தி நிறுத்திக் கேட்டுது.”

“சீக்கிரம் கழட்டுங்க ஐயா.”

“கழட்டணுமா?” அவர் கை ஹாரனை விட்டு நகரவில்லை; முகம் சின்னப் பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது. முதன்முதலாக அதை மாட்டிய அன்று தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கிகுயோவுக்குத் தோன்றியது. அழுகை போன இடம் தெரியவில்லை.

“சரி, என் பின்னாலேயே வாங்க. நான் சொன்னதும் அடிங்க.”

கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அறுநூறு பிள்ளைகளும் கேட்டிராத குரலில், தொண்டை கிழியக் கத்தினாள்:

“கிளம்புங்கடா!”