பச்சை அட்டை எலிகள்

மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுவது என் வேலை. வீட்டில் அண்ணன் படுத்திருக்கிறார். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்.

எங்கள் கூடத்தில் எலிகளுக்கு அதே நோயை வரவழைத்துப் புது மருந்தைச் சோதித்தார்கள். பாதிக் கூண்டுகளில் பச்சை அட்டை, மீதியில் மஞ்சள். எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புத்தண்ணீர் என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். தினமும் கூண்டைத் திறக்கிறவனுக்குத் தெரியாதா என்ன? நாலாவது வாரம் பச்சை அட்டை எலிகள் கம்பியில் தொற்றி ஏறின. அதுதான் மருந்து என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

"உன் பச்சைப் பயலுங்க எப்படிடா இருக்கானுங்க?"

"உன்னைவிட நல்லா ஓடுறானுங்கண்ணே."

"ஓடட்டும். மருந்து கைக்கு வரட்டும், ரேஸ் வெச்சுப் பாத்துக்கறேன்."

நேற்று எலிகளை அறுத்து நுரையீரலைப் பார்த்தார்கள். பிறகுதான் ரகசியத்தைத் திறந்தார்கள். பச்சைக்குப் போனது உப்புத்தண்ணீர்.

"அப்புறம் எப்படி மேடம் தேறிச்சு?" என்று ஆராய்ச்சி செய்யும் அம்மாவிடம் கேட்டேன்.

"எலிங்களுக்கு இது தானாவே ஆறிடும்ங்க. மனுஷங்களுக்குத்தான் ஆறாது."

"மஞ்சளுக்குக் குடுத்த மருந்து?"

"பெரிசா ஒண்ணும் செய்யலை. அதுங்களும் தானாத்தான் ஆறிச்சு, கொஞ்சம் மெதுவா."

சாயங்காலம் அண்ணன் தலையணையில் சாய்ந்து காத்திருந்தார்.

"என்னடா, பச்சைப் பயலுங்க?"

"ஓடுறானுங்கண்ணே" என்றேன். அந்தக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.