பச்சை வாளி நடுவர்

குற்றாலத்தில் நடந்த பள்ளி மாணவர் ரோபோ போட்டிக்கு என் மகளுடன் போயிருந்தேன். நடுவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெரியவர். யார் எதிர்ப்பட்டாலும் கையிலிருந்த பச்சை வாளியை நீட்டுவார். "போனை இதுல போடுங்க. சிக்னல் குழம்பி ரோபோ நின்னுரும்லா." நானும் போட்டேன்.

மகளின் ரோபோ பாதி வழியில் தொடர்பு அறுந்து நின்றது. ரோபோவில் கோளாறு என்றால் அணி வெளியே. களத்தில் கோளாறு என்றால் மறு ஆட்டம். நடுவர் வாளியோடு குனிந்து ஆராய்ந்தார். அவர் விலகியதும் ரோபோ ஓடியது. அவர் திரும்பி வந்ததும் நின்றது.

"சார், வாளில ஒரு போனையாவது ஆஃப் பண்ணீங்களா?" என்றாள் மகள்.

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "களக் கோளாறு. மறு ஆட்டம்!" என்று கம்பீரமாக அறிவித்தார்.

"களம் என்ன அண்ணாச்சி செஞ்சுது?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"நான் நிக்கது களத்துலதான வே?"

மறு ஆட்டம் முழுக்க அவர் வாசலுக்கு வெளியே, சாரலில் குடை பிடித்து, அருவிக்குக் குளிக்கப் புறப்பட்டவர்போல வாளியோடு நின்றார். முடிந்ததும் உள்ளே வந்து, மகளின் அணி வென்றதாக அறிவித்தார். எதைப் பார்த்துச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.